பாடத்தில் சேர்க்காத சொல்

அழகரத்தினத்துக்குச் சிங்களம் தெரியும் என்பதை மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவில் நெடுங்காலம் ஒரு குறையாகவே பேசினார்கள். அவர் தபால் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். அரச ஊழியர்கள் சிங்களப் பரீட்சையில் தேற வேண்டும், இல்லாவிட்டால் சம்பள உயர்வு கிடையாது என்று சட்டம் வந்தபோது கந்தோரில் பலர் மறுத்தார்கள். சிலர் வேலையையே விட்டார்கள். அழகரத்தினம் பரீட்சை எழுதித் தேறினார். அந்தச் செய்தி வீட்டுக்கு வந்த அன்று, அவருடைய தகப்பன் பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழும்பிப் போனார். பிறகு சாகும்வரை அவர் மகனுக்கு முகம்கொடுத்துப் பேசவில்லை.

சம்பளத்துக்காக மட்டும் அவர் அதைப் படிக்கவில்லை. ஆனால் அதை யாரிடமும் அவர் சொல்லவும் இல்லை. கலியாணத்துக்கு முன்பு பொலன்னறுவையில் வேலை செய்த காலத்தில் ஒரு தபால்காரரின் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். அந்த வீட்டு அம்மா ஒவ்வொரு நாளும் குசினி வாசலில் நின்று "கன்ன என்ன" என்று கூப்பிடுவாள். சாப்பிட வா என்று அர்த்தம். சிங்களத்தில் 'என்ன' என்றால் 'வா'. முதல் நாள் அவள் தன்னிடம் ஏதோ கேள்வி கேட்கிறாள் என்று நினைத்து அவர் விழித்துக்கொண்டு நிற்க, வீடே சிரித்தது. மொழி அவருக்குள் அந்த வாசல் வழியாகத்தான் வந்தது, மாசிச் சம்பலின் மணத்தோடு.

தொண்ணூறாம் ஆண்டு நடுவில் மறுபடி சண்டை மூண்டது. இராணுவம் மட்டக்களப்பு நகரத்துக்குள் வந்து, சந்திக்குச் சந்தி காவலரண் போட்டது. அதுவரை குறையாக இருந்த சிங்களம் ஒரே மாதத்தில் ஊருக்குத் தேவையானதாகிவிட்டது. அழகரத்தினம் அப்போது ஓய்வுபெற்றிருந்தார். அடையாள அட்டையோடு, கடிதத்தோடு, அழுகையோடு ஆட்கள் அவர் வீட்டுப் படலையில் வந்து நின்றார்கள். முன்பு அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களும் வந்தார்கள். "என்னோட ஒருக்கா காம்புக்கு வாங்க சேர்" என்று கேட்டார்கள். அவரும் இராணுவ முகாமுக்குப் போனார், காலில் வலி வந்து நடக்க முடியாமல் போகும்வரைக்கும்.

அடுத்த ஆண்டு தொடக்கத்தில், கொழும்பிலிருந்து இயங்கிய ஒரு தொண்டு நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சிங்கள வகுப்பு நடத்த ஒருவரைத் தேடியது. அழகரத்தினம் ஒத்துக்கொண்டார். தான் ஒவ்வொருவரோடும் போவதைவிட அவர்களே பேசப் பழகுவது நல்லது என்று நினைத்தார். மாதா கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் பின்னேரம் வகுப்பு. ஊரடங்குக்கு முன்பு எல்லாரும் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதால் வெயில் தாழும் முன்பே முடித்துவிட வேண்டும்.

வந்தவர்கள் அநேகமாகப் பெண்கள். அவர்களிலும் பாதிப்பேர் வாவிக்கு அப்பால் தில்லைக்குடா என்ற சிறு ஊரிலிருந்து இடம்பெயர்ந்து நகரத்தில் சொந்தக்காரர் வீடுகளில் ஒண்டிக்கொண்டிருந்தவர்கள். மாரி தொடங்கிய நேரம் ஒரு விடியற்காலையில் அந்த ஊரைச் சுற்றிவளைத்து, ஆண்களை வாசிகசாலை முன்பு இருத்தி, அவர்களில் பலரை இராணுவம் லொறியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தது. யாரும் திரும்பவில்லை.

நிறுவனம் அனுப்பிய புத்தகம் வழுவழுப்பான தாளில் நிறப்படங்களோடு அழகாக இருந்தது. முதல் பாடம் பூ. இரண்டாவது பழங்கள். மூன்றாவது சந்தையில் மரக்கறி வாங்குதல். அழகரத்தினம் கரும்பலகையில் பூவை வரைந்து, பெயரை எழுதி, ஒருமுறை சொல்லிக் காட்டினார். பெண்கள் திரும்பச் சொன்னார்கள். அப்போது பின்வரிசையில் இருந்த சீதேவிப்பிள்ளை எழும்பினாள். ஐம்பது வயது தாண்டியவள், ஒரே மகனைப் பறிகொடுத்தவள்.

"சேர், குறை நினைக்காதீங்க. இந்தப் பூவை நான் ஆரிட்டக் கேக்கிற?"

சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"எனக்கு வயசு போயிட்டு. மண்டையில நாலு சொல்லுத்தான் நிக்கும். அந்த நாலும் என்ட மகனுக்கு உதவிற சொல்லா இரிக்கட்டும்."

அழகரத்தினம் புத்தகத்தை மூடினார். பிறகு பலகையைத் துடைத்தார். "அப்ப நீங்களே சொல்லுங்க. என்னத்தப் படிக்க வேணும்?"

அன்று பாடம் நடக்கவில்லை. ஒவ்வொருத்தியும் தனக்கு வேண்டியதைத் தமிழில் சொன்னாள். 'என்ட மகன் எங்க?' 'அவர் மீன் பிடிக்கிற ஆள், வேறொண்டும் தெரியாது.' 'அவருக்கு இழுப்பு இரிக்கி, மருந்து குடுக்க வேணும்.' 'ஒருக்காக் கண்ணால காட்டுங்க.' முப்பது வயது மதிக்கத்தக்க கண்ணகை கடைசியாக வாய் திறந்தாள். அவளுடைய புருஷன் நல்லரத்தினம் வாவியில் வலை வீசுகிறவன், அந்த லொறியில் போனவன்.

"நான் வெள்ளிக்கிழமையில காம்பு வாசலுக்கு வாறன், எனக்குக் கோவமில்ல எண்டு சொல்ல வேணும் சேர். கோவத்தோட வாறன் எண்டு நினைச்சி அவருக்கு அடிச்சிப் போடுவாங்களோ எண்டு பயமா இரிக்கி."

அடுத்த வாரங்களில் அந்த வசனங்கள்தான் பாடம். "மகே மஹத்தயா கோ?" என்று மண்டபமே சேர்ந்து சொல்லும். என் கணவர் எங்கே? அழகரத்தினம் உச்சரிப்பைத் திருத்துவார், மரியாதைச் சொல்லைச் சேர்ப்பார், கையை எங்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்றுகூடச் சொல்வார். பிள்ளைகள் நாமாவளி பாடுவதுபோல அவர்கள் அந்தக் கேள்வியைச் சொல்லுவதைக் கேட்டால், மாதா கோயிலுக்கு வந்தவர்கள் ஒரு கணம் நின்றுவிட்டுப் போவார்கள்.

ஒரு சனிக்கிழமை கண்ணகை நேரத்தோடு வந்து வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"நேற்றுப் போனன் சேர். கேட்டன். ஒரு சொல்லும் பிழையில்லாமக் கேட்டன்."

"நல்லது பிள்ளை. என்ன சொன்னாங்க?"

"அதுதான் சேர் தெரியா." அவள் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "நான் சிங்களத்தில கேக்க அவனுக்குச் சந்தோசமாப் போயிட்டு. எனக்கு விளங்கும் எண்டு நினைச்சி நிறையச் சொன்னான். கையெல்லாம் காட்டிச் சொன்னான். எனக்கு ஒண்டும் விளங்கல்ல. தலையாட்டிப்போட்டு வந்திட்டன். அவர் எங்க இரிக்கார் எண்டுதான் சொன்னானோ, என்னவோ. இனி ஆரிட்டப் போய்க் கேக்க?"

அப்போதுதான் அழகரத்தினத்துக்கு உறைத்தது. கேட்க மட்டும்தான் அவர் அவர்களுக்குப் பழக்கியிருந்தார். மறுமொழியைப் பற்றி யோசிக்கவே இல்லை.

அன்றிரவு சாப்பிட்டபின் அவர் மறுமொழிகளை யோசிக்க உட்கார்ந்தார். படலையில் வந்து நின்றவர்களோடு காம்புக்குப் போன நாட்களில் அவர் கேட்டவைதான் எல்லாம். 'எயா மெஹே நே', அவர் இங்கே இல்லை. 'அப்பி தன்னே நே', எங்களுக்குத் தெரியாது. 'ஹெட்ட என்ன', நாளைக்கு வா. வேறு முகாமுக்கு அனுப்பியாயிற்று. பெரியவரிடம் கேள். வாயைத் திறந்து சொல்லிப் பார்த்தார். காவலரணில் நிற்பவன் சொல்வதுபோல வேகமாக, விழுங்கி விழுங்கிச் சொன்னால்தான் அவர்களுக்குப் பழகும். மூன்றாம் முறை சொல்லும்போது மனைவி ஆச்சிப்பிள்ளை குசினியிலிருந்து வந்தாள்.

"இஞ்சாருங்க. ஆரு வந்திருக்கிற எண்டு பயந்துபோனன். அந்தக் குரலை ஊட்டுக்குள்ள கொண்டு வராதீங்க."

"பழக்க வேணுமே."

"எல்லா மறுமொழியையுமா பழக்கப் போறீங்க?"

அவள் எதைக் கேட்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. ஒரு மறுமொழி மீதமிருந்தது. ஒரே ஒரு சொல்.

"அது வேணாம்" என்றார். "அதை எப்பிடி நான் அவங்கட முகத்தைப் பாத்துச் சொல்ற?"

ஆச்சிப்பிள்ளை குசினிக்குத் திரும்பிப் போனாள்.

அதன் பிறகு வகுப்பு வேறு மாதிரி ஆனது. மண்டபத்தில் கரும்பலகைக்கு முன்னால், காம்பு வாசலைப்போல, உட்காரும் வாங்கு ஒன்றைக் குறுக்கே போட்டு, அதற்கு அப்பால் அழகரத்தினம் நிற்பார். ஒவ்வொருத்தியாக வந்து கேட்க வேண்டும். அவர் மறுமொழி சொல்ல வேண்டும். அவள் அதைத் தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் நாள் ஒருத்தி அவர் "எயா மெஹே நே" என்றதும் அழத் தொடங்கி, வாங்கைப் பிடித்துக்கொண்டே இருந்துவிட்டாள். "இது பாடம்தானே பிள்ளை, பாடம்தானே" என்று அவர் குனிந்து சொன்னார். 'ஹெட்ட என்ன' வந்தபோது மட்டும் வகுப்பில் கொஞ்சம் சிரிப்பு. "என்னவாம்?" "ஒண்டுமில்ல, 'என்ன'வாம்" என்று இரண்டு பேர் விளையாடினார்கள். அழகரத்தினமும் சிரிக்கப் பார்த்தார். பொலன்னறுவைக் குசினி வாசலில் கேட்ட அதே சொல்தான்.

எல்லாம் முடிந்தபின் சீதேவிப்பிள்ளை கேட்டாள். "வேற மறுமொழி ஒண்டும் இல்லையா சேர்?"

"இல்ல" என்றார்.

இடையில் ஜெமீலா வந்து சேர்ந்தாள். நகரத்துப் பள்ளிவாசலடியில் குடியிருந்தவள். அவளுடைய கணவர் பதியுதீன் நெல் வியாபாரி. சண்டை தொடங்கிய மாதத்தில் நெல் எடுப்பதற்காக உழவு இயந்திரத்தில் கரடியனாற்றுப் பக்கம் போனார். வழியில் தமிழ் இயக்கத்துப் பொடியன்கள் மறித்து இறக்கினார்கள் என்று உழவு இயந்திரக்காரன் வந்து சொன்னான். அவ்வளவுதான். பொலிசில் கொடுத்த முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதியிருந்தார்கள். அதில் என்ன இருக்கிறது என்று வாசிக்க வேண்டும் என்பதற்காக அவள் வந்திருந்தாள்.

முதல் நாள் அவள் சுவரோடு நின்று, மற்றவர்கள் வாங்குக்கு முன்னால் போய்க் கேட்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முறை வந்ததும் அழகரத்தினம் கூப்பிட்டார். அவள் அசையவில்லை.

"எனக்கு இந்தப் பாடம் சரிவராது சேர்" என்றாள். "எங்கட ஊட்டுக்காரரக் கூட்டிப் போனவங்க தமிழ்தான் பேசினாங்களாம். எனக்கும் தமிழ்தான். மறுமொழி விளங்காமப் போறதுக்கு ஒண்டுமில்ல. கேக்கிறதுக்குத்தான் ஒரு வாசல் இல்ல."

அங்கிருந்த பெண்களில் சிலருடைய தம்பிமாரும் அண்ணன்மாரும் இயக்கத்தில் சேர்ந்து காட்டில் இருந்தார்கள். ஒருத்தி தலையைக் குனிந்தாள். இன்னொருத்தி முகத்தைத் திருப்பினாள். கண்ணகை மட்டும் தான் இருந்த வாங்கில் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.

"இதில இரிங்க."

ஜெமீலா உட்கார்ந்தாள். அழகரத்தினம் அவளுக்கு வகுப்பு முடிந்தபின் தனியாக எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். திகதி, இடம், பெயர், காணாமல்போனவர் என்ற சொல். வாசிக்கக் கற்றபின், பொலிசில் தன் கணவரின் பெயரையே பிழையாக எழுதியிருக்கிறார்கள் என்று கண்டாள்.

ஆவணி பிறந்தபோது கண்ணகை சரளமாகவே பேசினாள். வெள்ளிக்கிழமைகளில் மற்றப் பெண்களுக்கும் அவளே காம்பு வாசலில் கேட்டுச் சொல்வாள். ஒவ்வொரு முறையும் அவளுக்குக் கிடைத்தது 'ஹெட்ட என்ன'தான். அவள் அதை ஒரு நல்ல செய்தியாகவே வகுப்புக்குக் கொண்டு வருவாள். "இல்ல எண்டு சொல்லல்ல சேர். நாளைக்கு வா எண்டுதான் சொல்றாங்க. ஆள் இல்லாட்டி ஏன் வரச் சொல்ற?" அவள் முகம் தெளிந்திருந்தது. புருஷன் வந்தால் போடுவதற்கு ஒரு சாரத்தைத் துவைத்து வைத்திருப்பதாகவும் சொன்னாள். அழகரத்தினம் அடுத்த பாடத்தைத் தொடங்குவார்.

பிறகு ஒரு சனிக்கிழமை வகுப்பு தொடங்கி, எல்லாரும் இருந்தபோது அவள் கையை உயர்த்தினாள்.

"சேர், ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேக்க வேணும்."

"கேள் பிள்ளை."

"நேற்று வாசலில ஒரு புது ஆள் நிண்டான், சின்னப் பொடியன். எப்பவும் நிக்கிற மனிசன் எனக்கு வழமைபோல ஹெட்ட என்ன எண்டான். நான் திரும்பி வாறன். பின்னால அந்தப் பொடியன் இவ ஆரைத் தேடி வாறா எண்டு கேட்டான். அது எனக்கு விளங்கினது. அதுக்கு மற்ற ஆள் சொன்னான்..." அவள் கண்ணை மூடி, பாடம் ஒப்புவிப்பதுபோலச் சொன்னாள். "ஏ மினிஹா மெரிலா. பவ்."

அழகரத்தினத்தின் கையில் இருந்த சுண்ணக்கட்டி உடைந்தது.

"ஏ மினிஹா எண்டா அந்த மனிசன். அது படிச்ச. பவ் எண்டா பாவம்தானே சேர்? எங்கட சொல்லுப் போலத்தான் கிடக்கு. நடுவில உள்ளது நாங்க படிக்கல்ல. மெரிலா எண்டா என்ன?"

அவர் பலகைப் பக்கம் திரும்பினார். அதில் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. மறுபடி வகுப்பைப் பார்த்தார். ஜெமீலாவுக்கு அந்தச் சொல் தெரிந்திருந்தது. பொலிஸ் தாள்களில் எங்கோ வாசித்திருப்பாள். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணகை அதைக் காணவில்லை. அவள் அழகரத்தினத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நல்ல மாணவி ஆசிரியரைப் பார்ப்பதுபோல.

"அது..." என்றார். "அது ஒரு... நாளைக்குச் சொல்றன் பிள்ளை. நாளைக்கு வா."

சொன்னபின்தான் தான் சொன்னது அவருக்கே கேட்டது.

கண்ணகை அப்படியே இருந்தாள். அவள் முகத்தில் முதலில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு உதடு மட்டும் அசைந்தது.

"நீங்களுமா சேர்?" என்றாள். "நீங்களும் ஹெட்ட என்னதானா?"

யாரும் எழும்பவில்லை. சீதேவிப்பிள்ளைதான் கடைசியில் எழும்பிப் போய், அவளுடைய தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அப்போதுதான் கண்ணகையிடமிருந்து சத்தம் வந்தது. அழுகை என்று அதைச் சொல்ல முடியாது. தெருவில் போன சைக்கிள்கள் நின்றன. அழகரத்தினம் வாங்குக்கு அப்பால், எப்போதும் மறுமொழி சொல்லும் அந்த இடத்திலேயே, நின்றுகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். "முதலே சொல்லிக் குடுத்திருக்க வேணும். இல்லாட்டி ஒண்டையும் சொல்லிக் குடுத்திருக்கக் கூடாது. நடுவில விட்டிட்டன்." ஆச்சிப்பிள்ளை அவருடைய காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க சொல்லாட்டியும் அந்தப் புள்ளைக்கு ஒரு நாள் விளங்கியிருக்கும்" என்றாள். அவர் அதை நம்பவில்லை.

அடுத்த வாரம் பாதிப்பேர் வரவில்லை. சீதேவிப்பிள்ளை வந்தாள், ஆனால் விடைபெறுவதற்காக. "நான் இனி வரல்ல சேர். உங்களில கோவமில்ல. எனக்கு அவங்க பேசிறது விளங்காமலே இரிக்கட்டும். விளங்காத மட்டும் என்ட மகன் இரிக்கான்." அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அவளும் கும்பிட்டாள். ஜெமீலா மட்டும் கடைசிவரை வந்தாள். பெயரைத் திருத்தும்படி தானே ஒரு மனுவைச் சிங்களத்தில் எழுதிக் கொடுத்தாள். பெயரைத் திருத்தினார்கள். வேறொன்றும் நடக்கவில்லை. வருடம் முடிவதற்குள் அந்த மண்டபம் புதிதாக இடம்பெயர்ந்து வந்தவர்களுக்குத் தேவைப்பட்டது. வகுப்பு நின்றது. நிறுவனத்தின் புத்தகங்களை அவர் கட்டித் திருப்பி அனுப்பினார்.

நல்லரத்தினத்தின் சாவை யாரும் எழுத்தில் தரவில்லை. ஒரு காவலாளி இன்னொருவனிடம் சொன்ன வார்த்தை எந்தக் கந்தோரிலும் செல்லுபடியாகவில்லை. ஆனால் கண்ணகை பொட்டை அழித்துக்கொண்டாள். சில பேர் அவளைக் குறை சொன்னார்கள், உடம்பைக் காணாமல் இப்படிச் செய்யலாமா என்று. அவள் தில்லைக்குடாவுக்குத் திரும்பிப் போய் வாவியில் இறங்கி இறாலைக் கையால் தடவிப் பிடித்து, அதை விற்று, தன் சின்ன மகளை வளர்த்தாள்.

தொண்ணூற்றைந்தில், சமாதானம் என்று சொல்லப்பட்ட சில மாதங்களில், அழகரத்தினம் ஒரு செத்தவீட்டுக்காக மண்முனைத் துறையில் தோணியேறினார். எதிர்ப் பலகையில் கண்ணகை இருந்தாள், பக்கத்தில் பத்து வயது மகளோடு. இருவரும் ஒருவரையொருவர் கண்டார்கள். கொஞ்சத் தூரம் போனபின் அவள்தான் பேசினாள்.

"சுகமா இரிக்கீங்களா சேர்?"

"இரிக்கன் பிள்ளை. நீ?"

"இரிக்கன்." மகளின் தலையில் கையை வைத்தாள். "இவள் நல்லாப் படிக்கிறாள். சிங்களமும் படிக்கட்டும் எண்டு நினைக்கன். நம்மளைப்போல வாய் பாத்து நிக்கக் கூடாது."

"அனுப்பு" என்றார் அவர் உடனே. "வீட்டுக்கு அனுப்பு. நான் சொல்லிக் குடுக்கன். பூவில இருந்து தொடங்கலாம், வடிவா, ஆறுதலா..."

கண்ணகை தண்ணீரைப் பார்த்தாள்.

"கோவிக்காதீங்க சேர். அவள் படிக்கட்டும். ஆனா உங்களிட்ட வேணாம். உங்களில ஒரு பிழையும் இல்ல. உங்கட குரலில அந்தப் பாஷையைக் கேட்டா எனக்கு அந்த வாசல்தான் வருகுது. அவளும் அந்தக் குரலில படிக்க வேணாம்."

அவர் ஓம் என்று தலையாட்டினார். கரை வந்ததும் அந்தப் பிள்ளைதான் அவருடைய கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

மறுகிழமை அவர், காலை இழுத்து இழுத்து, அரசாங்கக் கச்சேரியடியில் குடியிருந்த ஒரு ரீச்சரின் வீட்டுக்குப் போனார். நபீஸா ரீச்சர் பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிப்பிப்பவள். தில்லைக்குடாவிலிருந்து ஒரு பிள்ளை சனிக்கிழமைகளில் வரும், சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். பிள்ளை கெட்டிக்காரி என்றார், பயந்த சுபாவம், சத்தம் போட வேண்டாம் என்றார்.

ரீச்சர் சிரித்தாள். "நீங்க இருக்கக்குள்ள என்னட்ட ஏன் சேர்? இந்த ஊரில உங்களைவிட நல்லாச் சிங்களம் ஆருக்குத் தெரியும்?"

"எனக்கு இப்ப தொண்டை சரியில்ல" என்றார் அழகரத்தினம்.

தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அவர் நிற்கவில்லை.